பிரசங்கி 3:11: உள்ளத்தில் வைக்கப்பட்டது உலகமா, காலமா?

கேள்வி, ஜூன் 4

எங்கள் வீட்டில் இரண்டு வேதாகமங்கள் இருக்கின்றன. அம்மாவின் பழைய மொழிபெயர்ப்பில் பிரசங்கி 3:11 "உலகத்தையும் அவர்கள் உள்ளத்திலே வைத்திருக்கிறார்" என்று இருக்கிறது. திருமணமாகி வந்த அண்ணி கத்தோலிக்கர். அவருடைய திருவிவிலியத்தில் அதே வசனம் காலத்தைப் பற்றிய உணர்வைக் கடவுள் மனிதருக்குத் தந்ததாகச் சொல்கிறது. உலகமும் காலமும் எப்படி ஒன்றாகும்? யாரோ ஒருவர் தவறாக மொழிபெயர்த்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. எபிரேயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

யாரும் கவனக்குறைவாக மொழிபெயர்க்கவில்லை. அங்கே உள்ள எபிரேயச் சொல் ஓலாம். பழைய ஏற்பாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. அதன் அரமேய வடிவம் ஆலம். அது தானியேலிலும் எஸ்றாவிலும் உள்ள அரமேயப் பகுதிகளில் வருகிறது. வேதாகம காலத்தில் இச்சொல்லுக்குக் காலம் சார்ந்த பொருள். பிற்கால எபிரேயத்தில் உலகம் என்ற பொருளும் வந்து சேர்ந்தது. உங்கள் அம்மாவின் வேதாகமம் பின்னதைப் பிடித்தது, அண்ணியுடையது முன்னதை. விரிவாக நாளை எழுதுகிறேன்.

ஜூன் 5

பிரசங்கி புத்தகத்துக்குள்ளேயே தேடினால் விடை பாதி கிடைத்துவிடும். இந்தச் சொல் அதில் ஏழு இடங்களில் வருகிறது. 1:4இல் பூமி "என்றைக்கும்" நிலைத்திருக்கிறது. 1:10இல் நமக்கு முன்னிருந்த பூர்வகாலங்கள். 2:16இல் ஞானிக்கும் மூடனுக்கும் என்றைக்கும் நினைவு இல்லை. 3:14இல் தேவன் செய்வது என்றைக்கும் நிலைக்கும். 9:6இல் இறந்தவர்களுக்குச் சூரியனுக்குக் கீழே இனி என்றைக்கும் பங்கில்லை. 12:5இல் மனுஷன் போகிற "நித்திய வீடு". இந்த ஆறும் காலத்தைத்தான் பேசுகின்றன. ஏழாவதான 3:11 மட்டும் திடீரென்று உலகத்தைப் பேசும் என்று கொள்ள வலுவான காரணம் வேண்டும். அதிலும் மூன்றே வசனம் தள்ளி, 3:14இல், அதே சொல் காலப் பொருளில் வருகிறது. அந்த அதிகாரமே "ஒவ்வொன்றுக்கும் ஒரு காலமுண்டு" என்று தொடங்குகிறது. பிறக்க ஒரு காலம், இறக்க ஒரு காலம், நட ஒரு காலம், பிடுங்க ஒரு காலம் என்று துண்டு துண்டாக அடுக்கிய பிறகு, துண்டுகளுக்கு எதிரே முழுமையை நிறுத்துகிறார் ஆசிரியர். மனிதன் வாழ்வது துண்டுக் காலத்தில். அவன் உள்ளத்திலோ முழுக்காலத்தின் ஏக்கம் இருக்கிறது. ஆனாலும் ஆதி முதல் அந்தம் வரை நடப்பதை அவனால் கண்டுபிடிக்க முடிவதில்லை. எனக்கு இந்த வாசிப்பில் ஐயம் இல்லை.

ஜூன் 5, பிற்பகல்

"அப்படியானால் உலகம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டவருக்கு: கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே அயோன் என்று போட்டார்கள். ஊழி, யுகம், உலகம் எல்லாவற்றையும் தொடும் சொல் அது. லத்தீன் வேதாகமம் முந்துஸ் என்று போட்டது. அது உலகமேதான், அதோடு, உலகத்தை மனிதருடைய விவாதத்துக்கு ஒப்படைத்தார் என்று வாக்கியத்தையும் திருப்பிவிட்டது. 1611இல் வந்த ஆங்கில வேதாகமமும் உலகம் என்றே வைத்தது. நம் பழைய மொழிபெயர்ப்பின் "உலகம்" இந்த நீண்ட வரிசையில் வருகிறது.

ஜூன் 7

எழுத்தைப் பற்றி ஒரு சிறு செய்தியை விட்டுவிட்டேன். மற்ற இடங்களில் இச்சொல் பெரும்பாலும் நடுவில், ஓ ஒலியைக் காட்டும் வாவ் எழுத்தோடு எழுதப்படும். 3:11இல் அந்த வாவ் இல்லை. மெய்யெழுத்துகளை மட்டும் பார்த்தால் "மறைத்தல்" என்ற வேர் அப்படியே கண்ணில் படுகிறது. ராஷி போன்ற யூத உரையாசிரியர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, இங்கே மறைக்கப்பட்டிருப்பதும் பேசப்படுகிறது என்றார்கள். உள்ளத்தில் வைத்தார், ஆனால் முழுவதும் புலப்படாதபடி வைத்தார். வசனத்தின் பின்பாதியோடு அது நன்றாகவே பொருந்துகிறது.

ஓலாம் என்ற சொல்லே மறைத்தல் என்ற வேரிலிருந்து பிறந்தது என்று பழைய அகராதிகள் சில சொல்லும். மொழியியலாளர்கள் எல்லாரும் இதை ஏற்பதில்லை. மெய்யெழுத்துகள் ஒத்திருப்பதால் மட்டும் பிறப்பு நிரூபணமாகாது. வேர் என்னவாக இருந்தாலும், பயன்பாடு எனக்குக் காட்டுவது ஒன்றுதான்: ஓலாம் என்பது காலத்தில் கண்ணுக்கெட்டாத தூரம். எத்தனை ஆண்டு என்ற அளவை அது சொல்வதில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தாலும் ஓலாம், முன்னால் பார்த்தாலும் ஓலாம்.

ஜூன் 8

பின்னால் பார்க்கும் ஓலாமுக்குச் சான்று கேட்டிருக்கிறீர்கள். எரேமியா 6:16இல் "பூர்வ பாதைகள்". நீதிமொழிகள் 22:28இல் பிதாக்கள் நாட்டிய பூர்வ எல்லைக்குறி. யோசுவா 24:2இல் ஆபிரகாமின் தகப்பன் தேராகு நதிக்கு அப்புறத்தில் குடியிருந்த பூர்வகாலம். வயலின் எல்லைக்கல் தொடக்கமே இல்லாதது என்று யாரும் சொல்லமாட்டார்கள். யார் நட்டது, எப்போது நட்டது என்று ஊரில் எவருக்கும் நினைவில்லை, அவ்வளவுதான்.

அரமேயத்திலும் இதே. எஸ்றா 4:15இல் எருசலேமின் எதிரிகள் பாரசீக அரசனுக்கு மனு எழுதுகிறார்கள். இந்த நகரம் பூர்வநாள் முதல் கலகம் செய்கிற நகரம், பழைய ஏடுகளைத் தேடிப் பாரும் என்கிறார்கள். அங்கே "பூர்வநாள்" என்பது "யோமாத் ஆல்மா". ஆவணக் காப்பகத்தில் தேடினால் கிடைத்துவிடக்கூடிய பழமை அது. 4:19இல் அரசன் தேடவைத்துக் கிடைத்தது என்று பதிலும் எழுதுகிறான்.

ஜூன் 8, இரவு

முன்னால் பார்க்கும் ஓலாமில்தான் சிக்கல் தொடங்குகிறது. யாத்திராகமம் 21:6இல், விடுதலை வேண்டாம் என்று சொன்ன அடிமையின் காதைக் கதவருகே கம்பியால் குத்துகிறார்கள். அதன்பின் அவன் எஜமானுக்கு "லெ-ஓலாம்" வேலை செய்யவேண்டும். நம் மொழிபெயர்ப்பில் "என்றைக்கும்". அடிமை இறந்துபோவான். எனவே வாழ்நாள் முழுவதும் என்பதைத் தாண்டி அங்கே பொருள் போக முடியாது. யூத ஆசிரியர்கள் அதையும் குறுக்கி, யூபிலி ஆண்டு வரை என்று விளக்கினார்கள், ஐம்பதாம் ஆண்டில் எல்லாரும் விடுதலையாகவேண்டும் என்ற லேவியராகமச் சட்டம் இருப்பதால்.

காத் நகரத்து அரசன் ஆகீஸ் தாவீதை நம்பி, இவன் எனக்கு "எவெத் ஓலாம்", என்றைக்கும் அடிமையாயிருப்பான் என்று எண்ணுகிறான் (1 சாமுவேல் 27:12). தாவீது பெலிஸ்தர் நாட்டில் இருந்த மொத்தக் காலமே ஒரு வருஷமும் நாலு மாதமும் என்று அதே அதிகாரம் சொல்கிறது.

யோனா மீனின் வயிற்றிலிருந்து ஜெபிக்கும்போது, பூமியின் தாழ்ப்பாள்கள் என்றென்றைக்கும் என்னை அடைத்தன என்கிறான். இருந்தது மூன்று நாள். ஆனால் உள்ளே கிடப்பவனுக்கு முடிவு தெரியவில்லை. அந்த வசனத்தை வெறும் மிகைப்படுத்தல் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. என் தங்கை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாள்களில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தக் காத்திருப்புக்கு முடிவு உண்டு என்று புத்திக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. யோனா சொன்ன ஓலாம் அதுதான்.

ஜூன் 10

சாட்சிகளில் மிக வலுவானது ஏசாயா 32. பதினாலாம் வசனம்: மேடும் கோபுரமும் "அத் ஓலாம்", என்றைக்கும், கெபிகளாகும், அதாவது குகைகளாகும். பதினைந்தாம் வசனம் உடனே "மட்டும்" என்று முடிவு வைக்கிறது: உன்னதத்திலிருந்து ஆவி நம்மேல் ஊற்றப்படுமட்டும். என்றைக்கும் என்று சொன்ன வாயால் இன்னது வரும்வரை என்றும் சொல்கிறார் தீர்க்கதரிசி. முடிவில்லாமை என்று மட்டும் இச்சொல்லைப் படித்தால் இவ்விரண்டு வசனங்களும் மோதும். கண்ணுக்கெட்டாத தூரம் என்று படித்துப் பாருங்கள், மோதாது.

ஜூன் 11

கோபமாக எழுதிய ஐயாவுக்கு. "இப்படிப் பேசினால் கர்த்தருடைய நித்தியத்துக்கும் அளவு வைப்பீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் பாரம் எனக்குப் புரிகிறது. ஆபகூக் 3:6ஐ எடுத்துப் பாருங்கள். "என்றுமுள்ள மலைகள் தாழ்ந்தன, அவருடைய நடைகள் நித்திய நடைகள்". என்றுமுள்ள, நித்திய என்று தமிழில் இரண்டு சொல்; எபிரேயத்தில் இரண்டிடத்திலும் ஓலாமே. ஓலாமாகிய மலைகள் குனிந்துபோகின்றன, ஓலாமாகிய அவருடைய வழிகள் நிற்கின்றன. ஒரே வசனத்தில் ஒரே சொல்லை இரண்டு பொருளின் மேல் வைத்து, ஒன்று விழவும் மற்றது நிற்கவும் காட்டுகிறார் கவிஞர். ஓலாம் எதன்மேல் ஏற்றப்படுகிறதோ அதன் இயல்பே அதன் நீளத்தைத் தீர்மானிக்கிறது. அடிமையின் மேல் ஏறினால் ஆயுள். எல்லைக்கல்லின் மேல் ஏறினால் ஊர் நினைவுக்கு முந்தைய காலம். பெயெர்செபாவில் ஆபிரகாம் "ஏல் ஓலாம்" என்று கூப்பிட்டபோது, ஏறியது கடவுள்மேல். அங்கே எல்லை வைக்க யாராலும் முடியாது, நானும் வைக்கவில்லை.

எபிரேயர்களுக்கே தனி ஓலாம் போதாமல் போன இடங்கள் உண்டு. அங்கே அடுக்கினார்கள். யாத்திராகமம் 15:18இல் "லெ-ஓலாம் வா-எத்", ஓலாமுக்கும் அதற்கு அப்பாலும். சங்கீதம் 90:2இல் "மே-ஓலாம் அத் ஓலாம்", ஓலாமிலிருந்து ஓலாம் வரை. தானியேல் 7:18இன் அரமேயம் உச்சிக்கே போகிறது: "அத் ஆல்மா வெ-அத் ஆலம் ஆல்மய்யா", ஆலம் வரை, ஆலங்களின் ஆலம் வரை. மூன்று முறை அடுக்கியும் மனம் நிறையாதவன் எழுதிய வாக்கியம் அது. தனிச்சொல்லே முடிவின்மையை முழுதாகச் சொல்லியிருந்தால் அடுக்கவேண்டிய தேவை எழாது.

ஜூன் 12

அரமேய வடிவம் ஏன் ஓவில் தொடங்காமல் ஆவில் தொடங்குகிறது என்று ஒரு தம்பி கேட்கிறார். பழைய செமித்திய நெடில் ஆ பல இடங்களில் எபிரேயத்தில் ஓவாக மாறியது. அரமேயத்தில் ஆவாகவே நின்றது. எபிரேய ஷாலோமும் அரபு ஸலாமும் அறிந்த ஜோடி. இதைக் கேட்டுப் பார்க்க இரண்டு வசனங்கள் அருகருகே வைத்ததுபோல் இருக்கின்றன.

சங்கீதம் 145:13, எபிரேயம்: மல்கூத்கா மல்கூத் கோல் ஓலாமீம், உமெம்ஷல்த்கா பெகோல் தோர் வாதோர்.

தானியேல் 4:3, அரமேயம்: மல்கூத்தே மல்கூத் ஆலம், வெஷோல்தானே இம் தார் வெதார்.

"உம்முடைய ராஜ்யம் என்றென்றும் உள்ளது, உம்முடைய ஆளுகை தலைமுறை தலைமுறையாக" என்று சங்கீதம் கர்த்தரைப் பார்த்துப் பாடுவதைத் தானியேலில் நேபுகாத்நேச்சார் "அவருடைய" என்று படர்க்கையில் சொல்கிறான். ஓலாம் ஆலமாகிறது, தோர் தாராகிறது. ஷோல்தான் என்ற அரமேயச் சொல்லின் உறவுதான் நாம் அறிந்த சுல்தான். (எபிரேய வேதாகமத்தில் தேடுபவர்கள் இந்த வசனத்தை 3:33இல் பார்க்கவேண்டும். எண்ணிடுதல் வேறு.)

ஜூன் 12, சற்றுப் பின்

தானியேல் புத்தகம் எபிரேயத்திலிருந்து அரமேயத்துக்குத் தாவும் இடம் 2:4. கல்தேயர் "சீரிய பாஷையிலே" பேசினார்கள் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்கிறதே, அந்த இடம். அவர்கள் பேசும் முதல் வாக்கியம் "மல்கா, லெ-ஆல்மீன் ஹெயீ". ராஜாவே, நீர் என்றும் வாழ்க. ஆக, புத்தகத்தின் அரமேயப் பகுதி இந்தச் சொல்லோடுதான் வாய் திறக்கிறது. அரசவையில் எவரும் சொல்லும் வணக்கம் அது, நம் "பல்லாண்டு வாழ்க" போல. பத்சேபாள் இதன் எபிரேய வடிவத்தைத் தாவீதிடம் சொல்கிறாள் (1 இராஜாக்கள் 1:31). அப்போது அவன் போர்த்தியும் சூடேறாத கிழவன். அடுத்த அதிகாரத்தில் இறந்துபோகிறான்.

ஜூன் 15

நித்தியம், அநாதி என்ற இரண்டு சொற்களைப் பற்றி எனக்கு நெடுநாளாக மனக்குறை உண்டு. சங்கீதம் 24:7இல் "அநாதி கதவுகளே, உயருங்கள்" என்று பாடுகிறோம். சைவ சித்தாந்தம் படித்த நண்பர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) ஆகிய மூன்றும்தான் அநாதி, தச்சன் செய்த கதவு எப்படி அநாதியாகும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. தமிழில் அநாதி என்றால் தொடக்கமே இல்லாதது. தத்துவத்தின் கூர்மை ஏறிய சொல். எபிரேயப் பாடலில் அவை தொன்மையான கதவுகள், அவ்வளவே. "தொல்கதவுகளே" என்று பாடியிருந்தால் நண்பர் கேள்வியே கேட்டிருக்கமாட்டார்.

நித்தியத்தின் கதை வேறு. தமிழில் நித்தியம் என்பதற்கு என்றும் உள்ளது என்றும் பொருள், நாள்தோறும் என்றும் பொருள். கோயிலில் நித்திய பூஜை என்றால் அன்றாட பூஜை. எபிரேயத்தில் இந்த இரட்டைப் பொருளுக்கு அப்படியே பொருந்தும் சொல் ஒன்று இருக்கிறது. அது ஓலாம் அல்ல, தாமீத். யாத்திராகமம் 29:42இல் "நித்திய சர்வாங்க தகனபலி" என்பது தினமும் காலையும் மாலையும் இடும் பலி, மூலத்தில் தாமீத். அங்கே "நித்திய" என்று போட்டவரின் காது மிக நுட்பமானது. அதே சொல்லை ஓலாமுக்கும் போட்டதால், நிற்காமல் தொடர்வதும் கண்ணுக்கெட்டாமல் நீள்வதும் தமிழில் ஒன்றாகிவிட்டன.

ஜூன் 16

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். பிரசங்கி 12:5இன் "நித்திய வீடு" மட்டும் மாறவேண்டாம் என்று தோன்றுகிறது. எங்கள் ஊரில் அடக்க ஆராதனைகளில் பிரசங்கி 12ஐ வாசிப்பார்கள். தாத்தாவின் பெட்டிக்கு அருகில் நின்று கேட்டபோது நித்திய வீடு என்றால் பரலோகம் என்று நினைத்திருந்தேன். பின்னாளில்தான் "ஓலாமின் வீடு" என்பது கல்லறைக்கு அந்த வட்டாரம் முழுவதும் வழங்கிய பெயர் என்று படித்தேன். சிரியப் பாலைவனத்துப் பல்மைராவில் கல்லறைகளின் மேல் "பேத் ஆல்மா" என்றே அரமேயத்தில் பொறித்திருக்கிறார்கள். இன்றும் யூதர்கள் இடுகாட்டை "பேத் ஓலாம்" என்பதுண்டு. ஆகவே பிரசங்கி சொல்வது குழியைத்தான். ஆனாலும் துக்க வீட்டில் வாசிக்கும்போது நித்திய வீடு என்ற சொல்லுக்கு உள்ள கனத்தை வேறு எதுவும் தரவில்லை. பொருள் விளக்கத்தைப் பிரசங்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 19

காலம் எப்படி உலகமானது என்று கேட்டதற்கு இன்னும் நேராகப் பதில் எழுதவில்லை. "இந்த ஓலாம்", "வருகிற ஓலாம்" என்று யூதர்கள் பேசத் தொடங்கியதுதான் திருப்பம். இந்த யுகம், வரும் யுகம். யுகத்துக்குள் இருப்பதெல்லாம் சேர்ந்து இவ்வுலகம், மறுவுலகம் ஆயிற்று. மாற்றம் நடந்துகொண்டிருக்கும் தருணத்தை யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா காட்டுகிறது. ஆலயத்தில் ஆசீர்வாதங்களை "மின் ஹா-ஓலாம்", ஓலாமிலிருந்து என்று முடிப்பார்களாம். ஒரே உலகம்தான் உண்டு, மறுமை இல்லை என்று சிலர் வாதிட்டதால், "ஓலாமிலிருந்து ஓலாம் வரை" என்று முடிக்கும்படி மாற்றினார்கள் (பெராகோத் 9:5). நேற்றுவரை காலத்தை அளந்த வாய்பாடு, இரண்டு உலகங்களுக்குச் சாட்சியாகிவிட்டது. யூத ஆசீர்வாதங்களில் வரும் "மெலெக் ஹா-ஓலாம்" என்பதை இன்று எல்லாரும் உலகத்தின் ராஜா என்றே கொள்கிறார்கள். எரேமியா 10:10இல் "மெலெக் ஓலாம்" என்றால் நித்திய ராஜா.

ஜூன் 20

அரபு பற்றிக் கேட்ட அக்காவுக்கு: ஆம், குர்ஆனின் முதல் அத்தியாயத்தில் வரும் "ரப்பில் ஆலமீன்" இந்தக் குடும்பம்தான். அங்கே ஆலம் என்றால் உலகம், ஆலமீன் பன்மை. அரமேயத்திலிருந்து அரபுக்குப் போன சொல் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அரபு வழியே பாரசீகம், உருது, மலாய் என்று பரவியது. மலாயில் ஆலம் என்றால் இயற்கை, உலகம். மலேசியாவின் ஷா ஆலம் நகரத்தில் வசிக்கும் நம்மவர்கள் தினமும் முகவரியில் இதை எழுதுகிறார்கள்.

கேரளத்துச் சிரியன் தேவாலயங்களில் கேட்டால் இன்னொரு விந்தை. "என்றென்றைக்கும்" என்பதற்குக் கிழக்குச் சிரிய மரபில் "லெ-ஆலம் ஆல்மீன்", மேற்குச் சிரிய மரபில் "லெ-ஓலம் ஓல்மீன்". மேற்குச் சிரியத்திலும் நெடில் ஆ ஓவானது. எபிரேயத்தில் நிகழ்ந்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை. பல நூற்றாண்டு கழித்துத் தனியாக நடந்த மாற்றம்.

ஜூன் 23

தானியேல் 12:2இன் "நித்திய ஜீவன்" பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "ஹய்யே ஓலாம்" என்ற அந்தத் தொடர் எபிரேய வேதாகமத்தில் வருவது அந்த ஓரிடத்தில்தான். மண்ணில் உறங்குவோர் எழும்புவதைப் பற்றிய வசனம் அது. மரணத்தைத் தாண்டிய வாழ்வின்மேல் ஓலாம் ஏறும்போது, அடிமைக்கு ஆயுள் வைத்த எல்லை அங்கே இல்லாமல் போகிறது. ஜூன் 11இல் எழுதிய விதியே இங்கும் செல்லும் என்பது என் கருத்து. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொற்களைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள். அங்கே அயோனின் கிரேக்க வரலாற்றையும் பார்க்கவேண்டியிருக்கும்.

ஜூன் 24

இன்றைய இஸ்ரேலிய எபிரேயத்தில் ஓலாம் என்றால் உலகம்தான். ஆனால் பழைய பொருள் இரண்டு சொற்றொடர்களில் அப்படியே நிற்கிறது. இதுவரை ஒருபோதும் இல்லை என்பதற்கு "மே-ஓலாம் லோ". இனி ஒருபோதும் இல்லை என்பதற்கு "லெ-ஓலாம் லோ". முன்னது பின்னோக்கிப் பார்ப்பது, பின்னது முன்னோக்கிப் பார்ப்பது. மாற்றிச் சொன்னால் கேட்பவர் திருத்துவார்.